கோட்டின் முதுகில் ஓர் அம்பு

அந்த ஊரில் இறங்கிய அன்றே அம்பக்காவுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. ஊருக்கும் அவளைப் பிடித்த மாதிரித் தெரியவில்லை. டாக்சிக்காரன் பெட்டிகளை நடைபாதையில் இறக்கிவிட்டு வாயைத் திறக்காமல் போய்விட்டான். கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து அவளையும் கணவரையும் உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தாள்; அம்பக்கா சிரிப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் மாடிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறும்போது யாரோ உள்ளேயிருந்து சுவரைத் தட்டினார்கள். அது வரவேற்பு இல்லை என்று விளங்க மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"ஏம்மா, எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா!" என்றார் அவள் கணவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"எழவு வீடு மாதிரி இருக்கு," என்றாள் அம்பக்கா.

கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத ஜோடி பேசிக்கொள்கிற பேச்சா இது என்று கேட்கக் கூடாது. மாப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தேனொழுகப் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் வேறு ஜோடியைத்தான் பார்க்க வேண்டும்.

அம்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கம்பெனி வைத்தது. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்கு அடியில் நீள மேஜை. தைத்த சட்டைகள் மேஜைக்கு வரும். காலரைத் திருப்பி, கையை இழுத்து, பட்டனைத் திருகி, உள்பக்கம் புரட்டிப் பார்த்து, எங்கே தையல் பிசகியிருக்கிறதோ அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய சட்டை தையல்காரரிடம் திரும்பிப் போகும். பிரித்துச் சரியாகத் தைத்து மறுபடி மேஜைக்கு வரும். சரி செய்யவே முடியாத சட்டைக்கு அம்பு கிடையாது. அதை மூலையில் இருக்கும் கூடையில் வீச வேண்டியதுதான். கூடைக்குப் போனது திரும்பி வராது.

பாதி ஆயுள் இந்த வேலையைப் பார்த்தவளின் கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் ஓயுமா? கைப்பையில் ஸ்டிக்கர் தாள் எப்போதும் இருந்தது. அண்ணன் வீட்டு ஜன்னல் திரையின் ஓரம் கோணல், அங்கே ஓர் அம்பு. தட்டில் கீறல், அங்கே ஓர் அம்பு. அண்ணி ஆசைப்பட்டு எடுத்த புது ரவிக்கையின் தோளில் ஓர் அம்பு. "இது வீடா, கம்பெனியா?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். அம்பை ஒட்டியதோடு அம்பக்காவின் வேலை முடிந்துவிடும். சரி செய்வது வேறு யாரோ. அந்த வேறு யாரோ வீட்டைப் பொறுத்தவரை எப்போதும் அண்ணிதான்.

பெண் பார்க்க வந்தவர்களும் தப்பவில்லை. அவர்கள் அவளைப் பார்த்தார்களோ இல்லையோ, அவள் அவர்களை நன்றாகப் பார்த்தாள். ஒருவர் டீயை உறிஞ்சிய சத்தம் சகிக்கவில்லை. ஒருவர் எதற்குச் சிரித்தாலும் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். ஒருவரிடம் குறையே தென்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள், வரன் வருவது நின்றது. அம்மாவும் போன பிறகு அண்ணன் வீட்டு மாடி அறையில் அவளும் அவளுடைய ஸ்டிக்கர் தாளும்தான் மிச்சம்.

அப்போது வந்து சேர்ந்தவர்தான் செக்கர். அவர் அப்போது பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பவராக இருந்தார். ஒருநாள் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, "ஏம்மா, டிக்கெட்டைக் காட்டு," என்றார். காட்டிவிட்டு, "உங்க மூணாவது பட்டனுக்கு மட்டும் வேற கலர் நூல்," என்றாள் அம்பக்கா. வேறு ஆளாக இருந்தால் முறைத்திருப்பான். இவர் குனிந்து பார்த்தார். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் சரியான நூலோடு வந்து நின்றார். குறை சொன்னதும் ஒருவர் தானாகவே சரி செய்துகொண்டு வந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காதல் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவரும் கல்யாணம் ஆகாதவர். யாரை நம்பி வீட்டுக்குள் விடுவது என்று யோசித்தே வயதைக் கடத்திவிட்டவர்.

ரெஜிஸ்டர் ஆபீசில் போட்ட கையெழுத்தின் மை காய்வதற்குள் இருவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு செக்கர்கள், தைக்கிற ஆள் ஒருவருமில்லை. அவள் கேஸை மூடிவிட்டு வந்தால் அவர் எழுந்து போய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். "எங்க போன? ஏன் லேட்டு?" என்பார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, மனிதருக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. அவள் மட்டும் என்ன? அவர் மெல்லும் சத்தத்தையும், கட்டிலில் போட்ட ஈரத் துண்டையும், குறட்டையையும் விடாமல் கரித்துக் கொட்டினாள். வீட்டுச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. அவளுக்கென்று இன்னொன்று செய்து கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வாய் விட்டுக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

அண்ணன் வீட்டு மாடி அறைச் சாவி மட்டும் அவள் கைப்பையிலேயே கிடந்தது. "ரூம் அப்படியே இருக்கும், சாவி உன்கிட்டயே இருக்கட்டும்," என்று கல்யாணத்தன்று அண்ணி பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் செக்கரின் அக்கா மகன், தான் விடுமுறைக்கு ஊர் வரும் சமயம் தன் வீடு காலியாக இருக்கும் என்று சொல்லி, கல்யாணப் பரிசாக விமான டிக்கெட் அனுப்பியபோது அம்பக்கா மனதுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டாள். திரும்பி வந்து இறங்கும்போது டாக்சி எங்கே போக வேண்டும், அவர் வீட்டுக்கா, அண்ணன் வீட்டுக்கா? இந்தப் பயணத்துக்குள் அதை முடிவு செய்துவிட வேண்டும். அவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆக, வந்தது ஊர் பார்க்க இல்லை. ஆளைப் பார்க்க.

மறுநாள் கால்நடையாகவே சுற்றினார்கள். அவர் ஊரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "ஒரு வண்டிகூட வரல, ஆனாலும் பச்சை விழட்டும்னு நிக்கறான் பாரு!" என்றார். "ஒருத்தனும் ஹாரன் அடிக்கல பாரு!" என்றார். குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கூட நெகிழ்ந்து போனார். எல்லாவற்றுக்கும் மேலாக அவரை மயக்கியது டிராம்தான். அதில் கண்டக்டர் கிடையாது என்று அக்கா மகன் சொல்லியிருந்தான். "டிக்கெட் கேக்க ஆளே இல்ல. அவனவன் தானா எடுக்கறான். இப்படி ஒரு ஊர்ல பொறந்திருந்தா நான் யாரையுமே சந்தேகப்பட்டிருக்க மாட்டேனே ஏம்மா!"

அம்பக்காவுக்கு எல்லாமே கோணலாகப் பட்டது. குழாயைத் திறந்தால் ஒன்று கை வெந்தது, இல்லையென்றால் எலும்பு விறைத்தது. வெயில் அடித்தது, சூடு இல்லை. ஒரு துணிக்கடையில் சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரி ஓடிவந்து அவள் கண் முன்னாலேயே அதை வாங்கி மடித்து வைத்தாள். களவாணியைப் பார்க்கிற பார்வை. ரொட்டிக்கடையில் இவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் இவளைப் பார்த்தார்கள். தெருவில் நாய்க்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிப் போனார்கள். பிசகாத தையலென்று அந்த ஊரில் அவள் பார்த்தது அது ஒன்றுதான்.

பிடித்தது என்று ஒன்றே ஒன்று இருந்தது. பூங்கா பெஞ்சில் அவள் வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளிடம் வந்து நீ யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆயிற்றா, ஏன் இத்தனை லேட்டு என்று கேட்கவில்லை. அதைப் பார்த்து அம்பக்கா கொஞ்ச நேரம் நின்றாள். இதை அவரிடம் சொன்னால் ஊரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வாரே என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தார். நாற்காலியில் அவர் போட்டுக்கொண்டிருந்த கோட்டு தொங்கியது. அக்கா மகனுடைய கோட்டு, இவருக்கு இரண்டு பிடி சின்னது. கையைத் தூக்கியதில் முதுகுப் பக்கம் தோள் தையல் விட்டிருந்தது. அம்பக்காவின் கை தானாகப் பைக்குள் போயிற்று, தானாக ஓர் அம்பை உரித்தது, தானாக ஒட்டியது. ஒட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குளித்துவிட்டு வந்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

டிராம் நிறுத்தத்தில்தான் அவள் கவனித்தாள். வெளிர் கோட்டின் முதுகில் பளிச்சென்று சிவப்பு அம்பு, விட்டுப்போன தையலைக் காட்டிக்கொண்டு. "என்னங்க..." என்று வாயெடுத்தாள். சொல்லியிருப்பாள், சத்தியமாகச் சொல்லியிருப்பாள். அதற்குள் அவர் திரும்பினார்.

"கதவைப் பூட்டுனியா?"

"பூட்டிட்டேன்."

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சாவி எங்க? காட்டு."

கோட்டுப் பையில் ஓட்டை இருந்ததால் அந்த வீட்டுச் சாவி அன்றைக்கு அவளிடம் இருந்தது. காட்டு என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதைக் கேட்டு அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பைக்குள் கையை விட்டு அகப்பட்டதை அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளங்கையில் இரண்டு சாவிகள் கிடந்தன. ஒன்று அந்த வீட்டு ஒல்லிச் சாவி, இன்னொன்று மாடி அறையின் தடித்த பித்தளைச் சாவி. அவர் இரண்டையும் பார்த்தார். "சரி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் அம்பைப் பற்றிச் சொல்லவில்லை. இருக்கட்டும், முதுகிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

டிராமில் ஏறியதும் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஏறியவர்கள் சிலர் அதில் டிக்கெட்டை நுழைத்தார்கள். 'டிங்' என்று முத்திரை விழுந்தது. அம்பக்கா தன் டிக்கெட்டை அங்கே கொண்டுபோனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"குத்தாத!"

"டிராம்ல ஏறுனதும் குத்தணும்னு உங்க அக்கா மகன் சொன்னானே."

"அவன் கம்ப்யூட்டர்காரன். டிக்கெட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறானா? குத்துன டிக்கெட் செத்த டிக்கெட். கீழ கெடக்கற குத்துன டிக்கெட்டப் பொறுக்கிட்டு வர்றவங்க எத்தனை பேரைப் பிடிச்சு இறக்கிவிட்டிருக்கேன்! குத்தாம பத்திரமா வெச்சுக்கோ. கேட்டா புதுசா எடுத்துக் காட்டணும்."

டிக்கெட் விஷயத்தில் அவரிடம் வாய் கொடுப்பதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். அவள் தன் டிக்கெட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டாள்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி நின்றார். பின்னாலிருந்தவர்கள் அவர் முதுகைப் பார்த்தார்கள். இரண்டு கிழவிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை விரலை நீட்டிச் சிரித்தது. அவர் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். எல்லாரையும் பார்த்துப் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "பாத்தியா ஏம்மா? நேத்துப் பூரா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தியே. எவ்வளவு சிரிச்ச முகம்! மனுஷங்கன்னா இப்படி இருக்கணும்."

அம்பக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கேவலமான சந்தோஷம்தான். அனுபவித்தாள்.

ஒரு வாலிபன் பெட்டியில் டிக்கெட்டைக் குத்தாமலே போய் உட்கார்ந்தான். "இவன் கள்ளன். முழியே சரியில்ல," என்று செக்கர் அவள் காதில் சொன்னார். எதிர் சீட்டில் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறவள் மாதிரி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பராக்குப் பார்த்தபடி வந்தாள். திடீரென்று அவள் ஒயரைக் கழற்றினாள், சட்டைக்குள்ளிருந்து ஓர் அட்டையை வெளியே எடுத்துத் தொங்கவிட்டாள், எழுந்தாள். அவள் செக்கர். இவரும் வேலையில் இருந்தவரை அப்படித்தான் பயணி மாதிரி ஏறி, பயணி மாதிரி உட்கார்ந்து, ஆட்களை நோட்டம் விடுவார். எதிரிலேயே உட்கார்ந்து வந்த செக்கரைச் செக்கருக்கே தெரியவில்லை.

வாலிபன் ஒரு அட்டையைக் காட்டினான். மாத பாஸ். அவள் நகர்ந்து இவர்களிடம் வந்தாள். நம் செக்கர் இரண்டு டிக்கெட்டுகளையும் கசங்காமல் எடுத்து, பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மாதிரி நீட்டினார். அவள் திருப்பிப் பார்த்தாள். முத்திரை விழ வேண்டிய இடத்தை விரலால் தட்டிக் காட்டினாள். தலையாட்டினாள், இல்லை என்று.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பேச்சு மளமளவென்று வந்தது. பாதி நம் மொழி, பாதி கைஜாடை. சட்டைப் பையிலிருந்து தன் பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டார், அவளுடைய அட்டையைத் தொடாமல் சுட்டிக் காட்டினார், நீயும் நானும் ஒரே இனம் என்கிற மாதிரி. அவள் அட்டையிலிருந்த போட்டோவையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், மரியாதையாகச் சிரித்தாள், அபராதச் சீட்டை எழுத ஆரம்பித்தாள். டிராம் முழுக்க வேடிக்கை பார்த்தது. வாலிபனும் பார்த்தான்.

அம்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை. தோள் குலுங்க வெளியே கொட்டிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவர் அதைக் கேட்டார். முதல் தடவையாக அவள் சிரிப்பைக் கேட்கிறார், அதுவும் எந்த இடத்தில்!

அபராதத்தைக் கட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் பெண்ணும் அங்கேதான் இறங்கினாள். போகப் போனவள் நின்று, அவர் முதுகிலிருந்து எதையோ உரித்து, தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்கிற மாதிரிப் பணிவாக அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். சிவப்பு அம்பு. அந்தத் தாளை அவள் பையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இரண்டு கிழவிகள், விரல் நீட்டிய குழந்தை, சிரித்த முகங்கள் எல்லாம் அவருக்கு இப்போது வரிசையாக விளங்கியிருக்க வேண்டும். கழுத்து வரை சிவந்தது. தண்டவாளத்தை ஒட்டியே திரும்பி நடந்தார். அம்பக்கா பின்னால் நடந்தாள். தூறல் போட்டது. அந்த ஊர் மழைக்குக்கூட இரக்கம் கிடையாது, ஊசி மாதிரி இறங்கியது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்ட பிறகுதான் பேசினார்.

"எப்ப ஒட்டுன?"

"காலைல, நீங்க குளிக்கும்போது. தைக்கணும்னுதான் ஒட்டுனேன்."

"அது என் முதுகுல இருக்கறத எப்ப பாத்த?"

"டிராம் ஸ்டாப்புல."

"பாத்துட்டு சொல்லல."

"சொல்லல."

"ஊரே சிரிச்சுது. நான் பைத்தியக்காரன் மாதிரி எல்லாருக்கும் தலையாட்டிக்கிட்டு வந்தேன். நீ பாத்துக்கிட்டே வந்த."

"சாவியக் காட்டுன்னீங்களே. டிக்கெட் கேக்கற மாதிரி. நான் என்ன உங்க பஸ்ல ஏறுனவளா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

அவர் மேஜை மேல் அம்பை வைத்து விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். "இத ஒட்டுன சட்டைய உங்க கம்பெனில என்ன பண்ணுவீங்க?"

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் கோபம் வாயை முந்திக்கொண்டது. "கூடைல போட்டுடுவோம்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "நான் ஒருத்தனை ஏறுனதுமே பிடிக்க மாட்டேன். டிக்கெட் இல்லன்னு தெரிஞ்சாலும் பேசாம இருப்பேன். இறங்குற எடம் வரைக்கும் டைம் குடுப்பேன். மனசு மாறி எடுத்துட்டான்னா விட்டுடுவேன்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?"

"என் வீட்டுச் சாவி என் இடுப்புல இருக்கு. இந்த வீட்டுச் சாவி ஒண்ணு. உன் கைல ரெண்டு இருந்துச்சே."

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவள் எத்தனையோ தடவை பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். தானும் அப்படி நிற்போம் என்று நினைத்ததில்லை. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மிச்ச நாட்கள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. "சாப்பாடு", "குளிச்சாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். அவர் ஊரை வெறுத்துவிட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகும் டிராம்களை முறைத்தார். "நம்பற மாதிரி நடிச்சுட்டு முதுகுல குத்தற ஊரு," என்று ஒருநாள் ஜன்னலிடம் சொன்னார். அது தன்னையும் சேர்த்துத்தான் என்று அம்பக்காவுக்குத் தெரியாமல் இல்லை.

அவள் தனியாக வெளியே போனாள். விந்தை என்னவென்றால் இப்போது ஊர் அவளுக்குக் கொஞ்சம் பிடிபட்டது. ரொட்டிக்கடையில் முண்டியடித்து முன்னால் போய் நின்றாள், கொடுத்தார்கள். பூங்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கேட்பதற்கு ஒருவருமே இல்லையே என்று இருந்தது. மாடி அறையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஊசியும் நூலும் வாங்கி வந்து கோட்டை எடுத்து மடியில் போட்டாள். தைக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவளுக்குத் தைக்க வராது. குறை சொல்லத் தெரிந்த அளவுக்குச் செய்யத் தெரியவில்லை. நூல் சிக்கியது, விரலில் ஏறியது, தையல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் போயிற்று. கம்பெனி மேஜைக்கு அது வந்திருந்தால் தைத்தவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள். முடித்து நாற்காலியில் மாட்டிவிட்டு அதைத் திரும்பிப் பார்க்க வெட்கப்பட்டாள்.

கிளம்பும் நாள் காலையில் அவர் அந்தக் கோட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டார். விமான நிலையத்துக்கு டிராமில்தான் போனார்கள். ஏறியதும் அவர் பெட்டியருகே போய் இரண்டு டிக்கெட்டையும் குத்தினார். டிங், டிங். பிறகு அவள் முன்னால் வந்து, முத்திரை விழுந்த இடம் தெரிகிற மாதிரி இரண்டையும் பிடித்துக் காட்டினார். அவள் கேட்கவில்லை. அவராகவே காட்டினார்.

விமானத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்கும்போது அம்பக்கா முடிவு செய்துவிட்டாள். அண்ணன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. ஆனால் அதை அவரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் அவர் பிடித்து அவள் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அந்த வீம்புக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது.

சொந்த ஊரில் டாக்சியில் ஏறியதும் டிரைவர், "எங்க சார் போகணும்?" என்றார். செக்கர் அவளைப் பார்த்தார்.

அம்பக்கா அண்ணன் வீட்டுத் தெருவைச் சொன்னாள்.

அவர் வெளியே பார்க்கத் தொடங்கினார். வழி நெடுக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் கைப்பையோடு இறங்கி விறுவிறுவென்று உள்ளே போனாள். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கண் முதலில் போனது பெட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

"என்ன, நேரா இங்க வந்துட்ட? ஏதாவது பிரச்னையா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. இந்தாங்க சாவி."

"உன்கிட்டயே இருக்கட்டுமே," என்று சொல்லிக்கொண்டே அண்ணி அதைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள். டீ போடட்டுமா என்றாள். வேண்டாம், அவர் வண்டியில் இருக்கிறார் என்றாள் அம்பக்கா. மாடிப் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்தால், அவள் பெட்டி தெருவில் நிற்கிறது. டிக்கி திறந்து கிடக்கிறது. செக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அம்பக்கா படியிறங்கி ஓடி வந்தாள். வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை. "பெட்டிய ஏன் இறக்குனீங்க?"

"உன் ஸ்டாப் வந்துடுச்சுல்ல."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கூடைல போட்டுடுவோம்னு நீதான சொன்ன. நீயா வந்து கேக்கறதுக்கு முந்தி எறக்கி வெச்சா மரியாதையா இருக்கும்னு வெச்சேன்."

"சாவியத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். குடுத்துட்டேன்."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். வாய் பாதி திறந்தது. அந்த வாயில் என்ன சொல் நிற்கிறது என்று அம்பக்காவுக்குத் தெரியும். அவர் அதை விழுங்கிக்கொண்டார். அவள் தானாகவே கைப்பையைத் திறந்து, உள்ளே தெரிகிற மாதிரி அவர் முன்னால் பிடித்தாள். சாவி எதுவும் இல்லை. ஸ்டிக்கர் தாள்தான் கிடந்தது.

அவள் அதை எடுத்து ஓர் அம்பை உரித்தாள். அவர் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, அவர் பார்க்கப் பார்க்க ஒட்டினாள்.

"கூடைன்னு சொன்னது பொய். கோவத்துல சொன்னேன். கூடைக்குப் போற சட்டைக்கு அம்பு ஒட்ட மாட்டோம். சரி பண்ணிடலாம்னு இருக்கறதுக்குத்தான் ஒட்டுவோம்."

செக்கர் குனிந்து அம்பைப் பார்த்தார், முன்பு மூன்றாவது பட்டனைப் பார்த்த அதே மாதிரி. "இப்ப என்ன குறை?" என்றார்.

"நிறைய இருக்கு. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"ஒண்ணாவது சொல்லு."

"உங்க வீட்டுச் சாவி என்கிட்ட இல்ல," என்றாள் அம்பக்கா. "கல்யாணமாகி இத்தனை நாளாச்சு. வெளிய போனா நீங்க வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கறேன்."

அவர் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார், அழுத்தி மூடினார், இழுத்துப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்தியதும் டிரைவரின் தோளைத் தட்டினார்.

"வழியில சாவி செய்யற கடை இருந்தா நிறுத்துப்பா," என்றார்.